பெயருக்குள் மறைந்திருக்கும் சூத்திரம்

வணிகர்க்குக் கணக்குப் பாடம்



பேரேட்டைக் கையால் எழுதிய நாளில் கணக்கப்பிள்ளை செய்த தவறு, மையிலேயே தங்கி நின்றது. ஓர் எண்ணை அடித்து வேறு எண் எழுதினால், அடித்த கோடே பின்னால் வருபவனுக்குச் சாட்சி சொல்லும். இன்று நம்மில் பலர் எக்செல் கணக்குத்தாளில் பற்று வரவு வைக்கிறோம். அதில் அடித்த கோடு என்று ஒன்றில்லை. திருத்தியவரே மறந்துவிட்டால், திருத்தியது தெரியாமலே போய்விடும். ஆகவே திருத்தும் முறையைக் கற்றுக்கொள்வது அவசியம். இப்பாடத்தில் பெயரிட்ட பகுதிகளின் நீண்ட சூத்திரங்களைச் சேதமின்றித் திருத்துவது எப்படி என்பதைக் காண்போம்.

(இப்பாடத்தில் வரும் சூத்திரங்களையும் பெயர்களையும் எக்செலில் ஆங்கில எழுத்தில் இடுங்கள். படிப்பதற்குச் சுலபமாக இங்கே தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறோம்.)

1. பெயர் எதற்கு?

ஓர் எண்ணுக்கோ, ஒரு பத்திக்கோ, ஒரு சூத்திரத்துக்கோ பெயர் வைத்துவிட்டால், பிறகு எந்தத் தாளிலிருந்தும் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கலாம். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1-இல் 7 சதவீதத்திலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1-இல் 9 ஆகவும் உயர்ந்தது. விகிதத்தை நூறு கட்டங்களில் நேராக எழுதி வைத்திருந்தவர், நூறு இடத்திலும் தேடித் திருத்தினார். ‘ஜிஎஸ்டி_விகிதம்’ என்று பெயர் வைத்திருந்தவர் ஓரிடத்தில் மாற்றினார், வேலை முடிந்தது.

ஆனால் இதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெயரின் மதிப்பை மாற்றினால், அதே புத்தகத்தில் உள்ள சென்ற வருஷத்துப் பட்டியல்களும் புதிய விகிதத்துக்கு மாறிவிடும். ஆகையால் வருஷத்துக்கொரு புத்தகம் வைப்பது நல்லது. மலேசியாவில் வேறொரு நுட்பம் உண்டு. 2024 மார்ச் 1-இல் சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 ஆக உயர்ந்தபோது, உணவகச் சேவை உள்ளிட்ட சில சேவைகள் 6 சதவீதத்திலேயே நிறுத்தப்பட்டன. இத்தகைய இடத்தில் ஒரே பெயரால் காரியமாகாது. இரண்டு விகிதத்துக்கு இரண்டு பெயர் வேண்டும்.

பெயர் வைப்பதில் ஒரு விதி: இடைவெளி கூடாது, கட்டத்தின் முகவரி போலவும் இருக்கக் கூடாது. ‘ஜிஎஸ்டி2024’ என்று வைத்தால் எக்செல் மறுத்துவிடும். 2007-ஆம் வருஷப் பதிப்பிலிருந்து ஒரு தாளில் 16,384 பத்திகள் உண்டு. அவற்றுள் ‘ஜிஎஸ்டி’ என்ற மூன்று எழுத்தும் ஒரு பத்தியின் குறி ஆகும். எனவே ‘ஜிஎஸ்டி2024’ என்பது உண்மையிலேயே ஒரு கட்டத்தின் முகவரி. நடுவில் ஓர் அடிக்கோடு இட்டால் தொல்லை தீரும்.

2. பிழை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு மொத்த வியாபாரக் கடையை எண்ணிக்கொள்வோம். ‘பாக்கி’ என்ற தாளில், ஏ பத்தியில் வாடிக்கைக்காரர் பெயர், பி பத்தியில் தேதி, சி பத்தியில் பாக்கித் தொகை. முதல் வரிசை தலைப்பு. வரிசை கூடக்கூடத் தானே நீளும்படி ‘பாக்கித்தொகை’ என்ற பெயருக்குள் இப்படி ஒரு சூத்திரம் இருக்கிறது:

=ஆஃப்செட்(பாக்கி!$சி$2,0,0,கவுண்ட்ஏ(பாக்கி!$ஏ:$ஏ)-1,1)

இதன் பொருள்: ‘சி பத்தியின் இரண்டாம் வரிசையில் தொடங்கு, ஏ பத்தியில் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறதோ, அதில் தலைப்புக்கு ஒன்றைக் கழித்து, அத்தனை வரிசை எடுத்துக்கொள்.’ கூட்டுத்தொகை வேண்டிய இடத்தில் =சம்(பாக்கித்தொகை) என்று எழுதினால் போதும்.

நிற்க. கடையில் 200 பதிவுகள் இருக்கின்றன. 2-ஆம் வரிசை முதல் 201 வரை. பையன் அவசரத்தில், ஒரே வாடிக்கைக்காரருக்கு மூன்று பதிவுகள் எழுதும்போது பெயரைத் திரும்ப எழுதாமல் மூன்று கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டான். தொகையை மட்டும் சரியாக எழுதினான். இப்போது ஏ பத்தியில் நிரம்பிய கட்டம், தலைப்பையும் சேர்த்து 198. ஒன்றைக் கழித்தால் 197. பகுதி 198-ஆம் வரிசையோடு நின்றுவிடும். கடைசி மூன்று பாக்கிகள், 450, 1,200, 380 வெள்ளி என்று வையுங்கள், கூட்டலுக்குள் வரவே இல்லை. 2,030 வெள்ளி காணாமற் போயிற்று. யந்திரம் ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை.

யந்திரம் வாய்விட்டுச் சொல்லும் பிழை பெரிதன்று. சொல்லாத பிழையே பெரிது. வருஷ முடிவில் பங்குதாரர்களுக்கு லாபம் பிரிக்கும்போது இந்த 2,030 வெள்ளி யாருடைய பங்கிலோ குறையும். தெரிந்து செய்தது அல்ல என்றாலும், கூட்டு வியாபாரத்தில் மனக்கசப்பு இப்படித்தான் தொடங்குகிறது.

மருந்து என்ன? வரிசையைப் பெயரால் எண்ணாமல் தொகையால் எண்ண வேண்டும்:

=ஆஃப்செட்(பாக்கி!$சி$2,0,0,கவுண்ட்(பாக்கி!$சி:$சி),1)

‘கவுண்ட்’ எண்களை மட்டும் எண்ணும். தலைப்பு எழுத்தாதலால் அதைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு: தீர்ந்த பாக்கிக்குக் கட்டத்தை வெறுமையாக விடாமல் 0 எழுத வேண்டும். சி பத்தியின் அடியில் கூட்டுத்தொகை எழுதக் கூடாது. அதை வேறு தாளில் வைக்க வேண்டும்.

3. திருத்தப் போன இடத்தில் வரும் ஆபத்து

இனி இந்தத் திருத்தத்தை எங்கே செய்வது? கண்ட்ரோல் விசையையும் எஃப்3 விசையையும் சேர்த்து அழுத்தினால் ‘நேம் மேனேஜர்’ திறக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்தால், அடியில் ‘ரிஃபர்ஸ் டு’ என்ற ஒடுங்கிய பெட்டியில் சூத்திரம் தெரியும். நீண்ட சூத்திரமானால் பாதிதான் தெரியும். மீதியைப் பார்க்க நாம் என்ன செய்வோம்? அம்பு விசையை அழுத்துவோம். அங்கேதான் விபத்து.

அம்பு விசை அழுத்தியதும் எழுத்துக்குறி நகராது. நாம் தாளில் ஒரு கட்டத்தைச் சுட்டுகிறோம் என்று எக்செல் எண்ணிக்கொண்டு, அந்தக் கட்டத்தின் முகவரியைச் சூத்திரத்தின் நடுவே சொருகிவிடும். பதறி மறுபடி அழுத்தினால் குழப்பம் மேலும் கூடும்.

இதற்கு வழி ஒரே ஒரு விசை. பெட்டிக்குள் சுட்டியால் தட்டியவுடன், வேறு எதையும் தொடுமுன், எஃப்2 அழுத்துங்கள். திரையின் இடது அடியில் ‘எடிட்’ என்று தெரியும். இனி அம்பு விசைகள் சூத்திரத்துக்குள்ளேயே நகரும். சில மடிக்கணினிகளில் ‘எஃப்என்’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

தவறி முகவரி நுழைந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். பெட்டியின் அருகே பெருக்கல் குறி ஒன்றும், சரி என்ற குறி ஒன்றும் இருக்கும். பெருக்கல் குறியைத் தட்டினால் பழைய சூத்திரம் திரும்பி வரும். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்கும்போது, யோசியாமல் ‘ஆம்’ என்று சொல்லிவிடாதீர்கள். மேலும், நேம் மேனேஜர் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து அகலமாக இழுத்தால் பெட்டியும் அகலும்.

4. வெளியே எடுத்துத் திருத்துவதே உத்தமம்

ஒரு சொல் மாற்றுவதற்கு மேற்சொன்ன வழி போதும். சூத்திரம் மிக நீண்டதானால், ஒடுங்கிய பெட்டிக்குள் தடவிக்கொண்டிராமல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து திருத்துங்கள்.

முதலில் நகல். ஒரு புதிய வெறுந்தாளில் நின்று எஃப்3 அழுத்தி, ‘பேஸ்ட் லிஸ்ட்’ என்பதைத் தட்டுங்கள். புத்தகத்திலுள்ள பெயர்களும் அவற்றின் சூத்திரங்களும் இரண்டு பத்தியாக வந்து நிற்கும். பத்திரத்தைத் திருத்துமுன் நகல் வைப்பது போன்றது இது.

அடுத்து, பழைய சூத்திரத்தை ஒரு வெறுங்கட்டத்தில் ஒட்டி, சம் என்ற சொல்லுக்குள் அடக்குங்கள்:

=சம்(ஆஃப்செட்(பாக்கி!$சி$2,0,0,கவுண்ட்ஏ(பாக்கி!$ஏ:$ஏ)-1,1))

இங்கே மேலேயுள்ள சூத்திரப் பட்டையை அகலமாக்கிக்கொண்டு நிதானமாகத் திருத்தலாம். ஓர் உட்பகுதியை மட்டும் தேர்ந்து எஃப்9 அழுத்தினால் அதன் விடை அங்கேயே தெரியும். நம் உதாரணத்தில் கவுண்ட்ஏ பகுதி 198 என்று காட்டும். 201 வர வேண்டிய இடத்தில் 198 வந்ததும் பிழை பிடிபட்டுவிடும். பார்த்தபின் எஸ்கேப் அழுத்துங்கள். என்டர் அழுத்தினால் சூத்திரம் போய் எண்ணே நிலைத்துவிடும்.

விடை சரியானதும், சம் என்பதை நீக்கி, மீதியைச் சூத்திரப் பட்டையிலிருந்து எழுத்தாக நகலெடுத்து, எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, ரிஃபர்ஸ் டு பெட்டியில் பழையதை முழுதும் அழித்து ஒட்டி, சரி என்ற குறியைத் தட்டுங்கள்.

ஒட்டுமுன் டாலர் குறிகளைப் பாருங்கள். $சி$2 என்பதற்குப் பதில் வெறும் சி2 என்றிருந்தால், அந்த நேரம் நீங்கள் நின்ற கட்டத்திலிருந்து எக்செல் தூரம் அளந்துகொள்ளும். பிறகு அதே பெயர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு விடை சொல்லும்.

5. நீளத்தைக் குறைத்தல்

திருத்தக் கடினமான சூத்திரத்தைத் துண்டாக்குவதும் புத்திசாலித்தனம். ‘பாக்கி_வரிசை’ என்று ஒரு பெயர் வைத்து, எண்ணும் பகுதியை அதற்குள் வைத்துவிட்டால், முதற் சூத்திரம் சுருங்கிவிடும்:

=ஆஃப்செட்(பாக்கி!$சி$2,0,0,பாக்கி_வரிசை,1)

இதைவிடச் சுலபமானது, பதிவுகளைத் தேர்ந்து கண்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தி அட்டவணையாக்குவது. புதிய வரிசை எழுத எழுத அட்டவணை தானே நீளும். எண்ணும் சூத்திரமே வேண்டாம்.

6. முடிவில் ஒரு சோதனை

எந்த முறையில் திருத்தினாலும் இரண்டு சோதனை செய்யாமல் புத்தகத்தை மூடாதீர்கள். ஒன்று: நேம் மேனேஜரில் பெயரைத் தேர்ந்து ரிஃபர்ஸ் டு பெட்டிக்குள் தட்டினால், தாளில் அந்தப் பகுதியைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு தெரியும். அது கடைசிப் பதிவையும் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். இரண்டு: சி பத்தியின் தலைக்குறியைத் தட்டினால் திரையின் அடியில் கூட்டுத்தொகை தெரியும். =சம்(பாக்கித்தொகை) தரும் விடையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்றே கடை அடைத்தபின், உங்கள் கணக்குப் புத்தகத்தின் நகலொன்றைத் திறந்து, ஏதேனும் ஒரு பெயரை இவ்விரு சோதனையிலும் நிறுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் மனம் நிம்மதியடையும். சரியில்லையானால், வருஷக் கணக்கு முடிக்குமுன் கண்டுகொண்டோம் என்று ஆறுதல் அடையலாம்.