ஓயாத கால்கள்

பகல் முழுதும் கடையில் நின்று வியாபாரம் கவனித்த ஒருவர், இரவில் கணக்கெழுதக் கல்லாவண்டை அமர்கிறார். அரைமணி நேரங்கூடச் செல்லவில்லை. கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் ஒரு வேதனை. வலியென்றும் சொல்ல முடியாது, அரிப்பென்றும் சொல்ல முடியாது. காலை அசைத்தே தீரவேண்டும் போலிருக்கிறது. எழுந்து நாலடி நடந்தால் தணிகிறது. உட்கார்ந்தால் மறுபடியும் வருகிறது. படுக்கையிலோ இன்னும் மோசம். நள்ளிரவில் கூடத்தில் உலாத்தும் வாப்பாவைக் கண்டு, கடன் தொல்லையோ என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள்!

இதை வாயு என்றும், நின்ற களைப்பு என்றும் எண்ணித் தைலம் தேய்த்தே காலந்தள்ளும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. ஆகையால் இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இது புதிய வியாதியன்று. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672-ல் இதை வர்ணித்திருக்கிறார். 1945-ல் ஸ்வீடன் தேசத்து டாக்டர் எக்போம் இதனை நன்கு ஆராய்ந்து எழுதினார். டாக்டரிடம் சொல்லவேண்டிய பெயர் 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்' என்பதாகும். பெயரைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதை எவ்வாறு கண்டுகொள்வது? ஓய்வில் வரும், அசைந்தால் தணியும், மாலையிலும் இரவிலும் மிகும். இம்மூன்றும் முக்கியம். இஷாவுக்கு நின்று தொழும்போது ஒன்றுமிராது. பின்னர் பயான் கேட்க அமர்ந்ததும் ஆரம்பித்துவிடும். சர்க்கரை வியாதியால் நரம்பு கெட்டவருக்கோ பாதத்தில் எரிச்சலும் மரப்பும் இருக்கும். நடந்தாலும் அது தீராது. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுமானால் அது இரத்தக் குழாய் அடைப்பாயிருக்கலாம். அதைத் தாமதியாமல் காட்டவேண்டும். சதை கட்டிபோல் இறுகி வலிப்பது வெறும் குறக்கு.

காரணத்திற்கு வருவோம். பலருக்கு இது குடும்பவழி வருகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களிலும் வருவதுண்டு. பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நாம் முதலில் கவனிக்கவேண்டியது இரும்புச் சத்து. மூளைக்குள் இச்சத்து குறையும்போது, அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்னும் பொருளின் வேலை தடுமாறுகிறது என்பது ஆராய்ச்சியாளர் அபிப்பிராயம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'இரத்தம் நன்றாயிருக்கிறது' என்று கேட்டுத் திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியாயிருந்தும் இரும்பின் கையிருப்பு குறைந்திருக்கக்கூடும். கடையில் அன்றாட விற்பனை நடந்துகொண்டேயிருக்க, பின்கட்டுக் கிடங்கு காலியாவதில்லையா? அந்தக் கிடங்கை அளக்கும் பரிசோதனைக்கு ஃபெரிட்டின் என்று பெயர். சோதனைச்சாலை 'நார்மல்' என்று எழுதினாலும் எண்ணைக் கேளுங்கள். இவ்வியாதியுள்ளவருக்கு அது 75-ம் அதற்குக் கீழுமாயிருந்தால் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்பது டாக்டர்களின் வழக்கம். பரிசோதிக்காமல் தாமாகவே இரும்பு விழுங்கலாகாது. மிகுந்தால் ஈரலைக் கெடுக்கும். ஆண்களுக்கு இரும்பு குறைந்திருந்தால் மூலத்திலோ குடலிலோ இரத்தக் கசிவு உண்டாவென்றும் பார்க்கவேண்டும்.

நமது தேத்தண்ணீர்ப் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சோற்றோடு தேத்தண்ணீரோ கோப்பியோ குடித்தால், உணவிலுள்ள இரும்பு உடலில் சேராமல் தடைப்படுகிறது. இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நலம். சிலருக்கு மாலைக் கோப்பியே கால் தொல்லையைத் தூண்டிவிடும். இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். (வருகிற வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் துணைக்கு ஒரு கிளாஸ் குடிப்பவருக்கு இது கஷ்டந்தான்!) சிகரெட்டும் அவ்வாறே.

தூக்கம் வரவில்லையே என்று சளி மாத்திரை போட்டுப் படுப்பவர்கள் கவனிக்கவும். தூக்கங்கொடுக்கும் ஒவ்வாமை மருந்துகள் இவ்வியாதியை அதிகமாக்கும். வாந்தி நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடும், மனச்சோர்வுக்குரிய சில மருந்துகளும் அப்படியே. எனினும் டாக்டர் கொடுத்ததைத் தாமே நிறுத்தாமல் அவரிடமே கேட்பது முறை.

வியாதி கடுமையானால் மருந்துண்டு. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவை நெடுங்காலம் முதன்மையாகக் கொடுக்கப்பட்டன. ஆரம்பத்தில் நன்கு கேட்கும். வருஷங்கள் செல்லச்செல்லச் சிலருக்குத் தொல்லை மாலைக்கு முன்பே தொடங்கிக் கைகளுக்கும் பரவிவிடும். அளவைக் கூட்டினால் மேலும் மோசம். சிலரை அம்மருந்து சூதாட்டத்திலும் வரம்பற்ற செலவிலும் தள்ளியிருக்கிறது. வியாபாரிகள் வீட்டார் இதை அறிந்திருக்கவேண்டும். ஆகவே இப்போது காபபென்டின், பிரீகாபலின் போன்றவற்றையே முதலில் எண்ணுகிறார்கள். அவை மயக்கந்தரலாம்; லாரி ஓட்டுபவர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை சில: படுக்குமுன் கெண்டைக்காலைப் பிடித்துவிடல், வெந்நீரில் கால் வைத்தல், மிதமான நடை, நேரந்தவறாத உறக்கம். கணக்கெழுதுவதைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். திருச்சிக்கோ சென்னைக்கோ விமானமேறுபவர்கள், ஜன்னலோரத்தை விட்டு நடைவழிப் பக்கத்து ஆசனத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.