வாரிசு இல்லாத அரியணையும் நெல்லைச் சீமையும்

மெஷின் டிராயிங் ஷீட்டுக்கு நடுவே சரித்திரம் எதுக்குடா என்று கேட்டுவிடாதீர்கள். 1700-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் பிள்ளையில்லாமல் இறந்தார். பட்டம் யாருக்கு என்று பிரான்சு ஒருபுறமும் ஆஸ்திரியா, இங்கிலாந்து மறுபுறமுமாக 1714 வரை அடித்துக்கொண்டார்கள். முடிவில் பிரெஞ்சு மன்னரின் பேரனுக்கே பட்டம்.

நம்ம பக்கமும் அதே கதைதான். அப்போது நெல்லைச் சீமை மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. விஜயரங்க சொக்கநாதர் வாரிசின்றி இறந்ததும், ராணி மீனாட்சிக்கும் வங்காரு திருமலைக்கும் போட்டி. இடையில் புகுந்த சந்தா சாகிப், ராணிக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருச்சிக் கோட்டையைத் தானே எடுத்துக்கொண்டார். பஞ்சாயத்துக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கின மாதிரி! ஸ்பெயினிலாவது கேட்டவர்களில் ஒருவருக்குக் கிடைத்தது. இங்கே நாயக்கர் ஆட்சியே போச்சு.

பின்னாளில் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு அதே சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதினார்கள். ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பின்னால் ஆங்கிலேயர். 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ஜெயித்த முகமது அலிக்குக் கம்பெனியிடம் கடனோ கடன். அதை அடைக்க நெல்லைச் சீமையின் வரிப்பணம் வேண்டியிருந்தது. 1755-ல் கர்னல் ஹெரான் பீரங்கியோடு இங்கே வந்தது அந்த வசூலுக்குத்தான். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கட்ட முடியாது என்றார். ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார்.