வெள்ளத்தைக் கடந்த வண்டி பிறகு ஏன் பழுதாகிறது?

கனமழையில் கிள்ளான் வட்டாரச் சாலைகளில் நீர் ஏறினால் சாதாரணக் கார்கள் நின்றுவிடுகின்றன. உயரமான நான்கு சக்கர உந்து வண்டிகள் மட்டும் மெல்ல ஊர்ந்து போய்விடுகின்றன. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, படகுகளோடு இத்தகைய வண்டிகளும் உதவிக்கு ஓடின.

ஆனால், பழைய வண்டியைப் பொழுதுபோக்காக வைத்துப் பராமரிப்பவர்கள் ஒரு விசித்திரத்தை அறிவார்கள். அன்று எந்தக் குறையுமின்றி நீரைக் கடந்த வண்டி, சில மாதங்கள் கழித்துப் பின் அச்சில் ஊளையிடத் தொடங்கும். பட்டறையில் பிரித்துப் பார்த்தால் பற்சக்கரமும் பேரிங்கும் துருப்பிடித்திருக்கும். மூடிய இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போனது? இதற்கான விடை உங்கள் படிவம் 4 இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

வண்டியின் அமைப்பு

லேண்ட் ரோவரை எடுத்துக்கொள்வோம். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் இது அறிமுகமானது. விரைவிலேயே மலாயாவுக்கும் வந்தது. இராணுவமும் போலீசும் ரப்பர் தோட்டத் துரைமார்களும் இதைப் பயன்படுத்தினார்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் இந்த வண்டியைப் பற்றிக் கதை சொல்லக்கூடும்.

இதன் எஞ்சின் ஆற்றல் கியர் பெட்டியைத் தாண்டி இன்னொரு பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு தண்டு முன் அச்சுக்கும் மற்றொரு தண்டு பின் அச்சுக்கும் செல்கின்றன. ஒவ்வோர் அச்சும் உள்ளீடற்ற எஃகுக் கூடு. அதனுள் பற்சக்கரங்களும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். மீதி இடம் முழுவதும் காற்று.

அச்சும் மூச்சு விடும்

வண்டி நெடுந்தூரம் ஓடினால் உராய்வினால் அச்சு சூடாகும். உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேறுவதற்குக் கூட்டின் மேல் ‘பிரீதர்’ என்ற சிறு மூச்சுத் துளை உண்டு. ஆகவே சூடான நிலையிலும் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தமாகவே, அதாவது 101 கிலோபாஸ்கலாகவே இருக்கும்.

இப்போது அந்தச் சூடான அச்சு வெள்ள நீருக்குள் இறங்குகிறது. மூச்சுத் துளையைச் சேறு அடைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். காற்றின் வெப்பநிலை 70 பாகை செல்சியசிலிருந்து 28 பாகைக்குக் குறைகிறது. கெல்வினில் சொன்னால் 343இலிருந்து 301. கொள்ளளவு மாறாதபோது, வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது கே-லூசாக் விதி.

புதிய அழுத்தம் = 101 × 301 ÷ 343 = 88.6 கிலோபாஸ்கல்

குறைவு சுமார் 12 கிலோபாஸ்கல். அரை மீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தமோ ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல்தான். ஆக, வெளியிலுள்ள நீர் தள்ளுவதைவிட உள்ளிருக்கும் காற்று குளிர்வதால் உண்டாகும் உறிஞ்சல்தான் பெரிது. சக்கரப் பக்கம் உள்ள ‘ஆயில் சீல்’ எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்க அமைந்த ரப்பர் வளையம். உள்நோக்கி இழுத்தால் அதன் உதடு தூக்கிக்கொள்ளும். நீர் உள்ளே புகும். அடைப்பில்லாத துளை நீருக்கடியில் இருந்தாலோ அதன் வழியாகவே நீர் வந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் போத்தலில் மிதமான சுடுநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். உடனே மூடியை இறுக்கிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். போத்தல் ஒடுங்கும். எஃகுக் கூடு ஒடுங்காது. அதற்குப் பதிலாக நீரை இழுத்துக்கொள்ளும்.

இந்தக் கோளாறுக்குத் தீர்வு எளிது. துளையில் ஒரு நீண்ட குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை உயர்த்திக் கட்டுகிறார்கள். அச்சு நீருக்குள் இருந்தாலும் மேலிருந்து காற்றையே இழுக்கும். நீரில் இறங்குமுன் சிறிது நேரம் நின்று அச்சை ஆறவிடுவதும் நல்லது.

நீரில் இறங்கிய பிறகு எண்ணெயைச் சோதிப்பது கட்டாயம். நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. இரவு முழுக்க நின்ற வண்டியின் அடி மூடியைத் தளர்த்தினால் முதலில் நீர்தான் சொட்டும். நீர் கலந்து கடைந்த எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருக்கும். அதை உடனே மாற்ற வேண்டும். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு உலோகமும் உப்புக் காற்றும்

போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால், லேண்ட் ரோவரின் சட்டகத்தை எஃகிலும் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைப்போம். ஆனால், அது எஃகைத் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் ஒரு சிறிய மின்கலம் உருவாகிறது. படிவம் 5 வேதியியலில் வரும் மின்முனை அழுத்தங்களைப் பாருங்கள்: அலுமினியம் −1.66 வோல்ட், இரும்பு −0.44 வோல்ட். அலுமினியம் எளிதில் எலக்ட்ரானை இழப்பதால் அதுவே அரிக்கப்படுகிறது. வெள்ளைத் தூள் பூத்திருப்பதே அதன் அடையாளம்.

பண்டமாரான் போர்ட் கிள்ளானுக்கு அருகில் உள்ள ஊர். கடற்காற்று வீசும் இத்தகைய இடங்களில் வண்டி வைத்திருப்பவர்கள் அடிப்பகுதியை நல்ல நீரால் அடிக்கடி கழுவ வேண்டும். இரு உலோகங்களுக்கும் இடையே ரப்பரோ சாயப் பூச்சோ இருந்தால் மின்சுற்று அறுந்துவிடும்.

தார்ச்சாலையில் கவனம்

நான்கு சக்கரமும் உந்தினால் எப்போதும் நல்லதுதானே? இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. முன்பின் அச்சுகளுக்கு இடையே 2.24 மீட்டர் உள்ள வண்டி, பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் செல்லுமாறு கால் வட்டம் திரும்பினால், வித்தியாசம் சுமார் 0.75 மீட்டர். பித்தாகரஸ் தேற்றத்தால் இதை நீங்களே கணக்கிடலாம். சேற்றில் சக்கரம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. தண்டுகள் முறுக்கேறி, பற்சக்கரம் உடையவும் கூடும். பழைய வண்டிகளில் சாலைக்கு வந்ததும் முன் அச்சின் இணைப்பை விடுவிப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நீர் ஆழமானால் எந்த வண்டியும் மிதக்கும். மிதக்கும் வண்டிக்கு நான்கு சக்கரம் உந்தினாலும் பிடிப்பு இல்லை. ஆழம் தெரியாத, இழுத்து ஓடும் நீரில் இறங்காமல் திரும்பிப் போவதே அறிவு.

சிந்திக்க:
1. அச்சு 90 பாகைக்குச் சூடாகியிருந்தால் அழுத்தக் குறைவு எவ்வளவு?
2. அச்சுக் கூட்டில் எண்ணெயை முழுக்க நிரப்பிவிட்டால் சிக்கல் தீருமா? எண்ணெயும் சூட்டில் விரியும் என்பதை நினைவில் கொண்டு விடை காணுங்கள்.