தொட்டிச் செடிக்கு எந்த எரு?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பள்ளி வாசல்களிலும் வீட்டு முற்றங்களிலும் பெரிய சிமெண்ட் தொட்டிகளில் செம்பருத்தி, அரளி, இட்லிப் பூ போன்ற புதர்ச் செடிகள் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றிற்கு எரு இட வேண்டும் என்றதும் இப்பகுதியில் முதலில் நினைவுக்கு வருவது கோழி எருதான். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகள் மிகுதியல்லவா! ஆனால் புதிய கோழி எருவைத் தொட்டியில் இட்டால் இலை நுனி கருகும். செடியே பட்டுப் போவதும் உண்டு. இது ஏன்?

கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. அதன் எச்சத்தில் காணப்படும் வெண்மையான பகுதியில் யூரிக் அமிலம் உள்ளது. பாக்டீரியாக்கள் இதைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. வயலில் எருவைத் தூவி உழும்போது இந்த அம்மோனியா பரந்த மண்ணில் கலந்து வலுவிழக்கிறது. தொட்டியிலோ வேர்கள் விலகிச் செல்ல இடமில்லை. அம்மோனியாவும் உப்புகளும் அவற்றைத் தாக்குகின்றன.

இதற்கு நேர்மாறான பொருள் ஒன்றும் இப்பகுதியில் கிடைக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுக்கும்போது உதிரும் தென்னை நார்க் கழிவே அது. எடை குறைந்தது, நீரை நன்கு பிடித்து வைப்பது. ஆனால் இதைப் பச்சையாக இட்டால் செடி வெளிறிப் போகும். காரணம், இதில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. விகிதம் சுமார் 112:1. நுண்ணுயிர்கள் நன்கு பெருக இந்த விகிதம் ஏறத்தாழ 30:1 என்ற அளவில் இருக்க வேண்டும். குறையும் நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. செடி பட்டினி கிடக்கிறது!

ஒன்றில் நைட்ரஜன் மிகுதி. மற்றொன்றில் கார்பன் மிகுதி. இரண்டையும் சேர்த்து மட்க வைத்தால் என்ன? அதுவே சரியான வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் ஒரு முறையில் 1 டன் நார்க் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இடப்படுகின்றன. கடினமான லிக்னினைக் காளான் சிதைக்கிறது. விகிதம் சுமார் 24:1 ஆகக் குறைகிறது. யூரியாவுக்குப் பதிலாகக் கோழி எருவைக் கலந்தும் மட்க வைக்கலாம்.

வேருக்கு உணவு மட்டும் போதாது. சுவாசிக்கக் காற்றும் வேண்டும். ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் தொட்டி மண் சிறிது சிறிதாக இறுகுகிறது. வயலைப்போல் அதைக் கிளறிவிட மண்புழுக்கள் அதிகம் இல்லை. புதர்ச் செடியோ அதே தொட்டியில் பல ஆண்டுகள் வாழ வேண்டியது. மட்கிய நார்க் கழிவு மெதுவாகவே சிதைவதால் காற்றறைகள் நெடுநாள் நிலைக்கின்றன. செம்மண் 2 பங்கு, மட்கிய நார்க் கழிவு 1 பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் 1 பங்கு என்ற கலவை பெரும்பாலான புதர்ச் செடிகளுக்கு ஏற்றது.

செடியின் இயல்பையும் கவனிக்க வேண்டும். முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எனவே முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பகுதி எருவிலும் வந்துவிடுகிறது. இட்லிப் பூச் செடி அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. சுண்ணாம்பு மிகுந்தால் அதனால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நரம்புகள் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மஞ்சளாகும். ஆகவே இட்லிப் பூவிற்குக் கோழி எரு கலந்த உரத்தைத் தவிர்ப்பது நல்லது. அரளி இதைத் தாங்கிக்கொள்ளும்.

உரம் மட்கிவிட்டதா என்று அறிவது எப்படி? ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் கட்டி வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் நல்லது. மூக்கைத் துளைக்கும் நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் இன்னும் மட்க வேண்டும். அடுத்து, ஒரு கிண்ணத்தில் மண் மட்டும், மற்றொன்றில் மண்ணும் உரமும் சம அளவு இட்டு, ஒவ்வொன்றிலும் பத்து முள்ளங்கி விதைகளை ஊன்றுங்கள். ஒரு வாரம் கழித்து முளைத்த நாற்றுகளை எண்ணி ஒப்பிடுங்கள். உரமிட்ட கிண்ணத்தில் முளைப்பு குறைந்திருந்தால், அந்த உரத்தை இன்னும் சில வாரம் மட்க விட்டு, மீண்டும் சோதித்த பிறகே தொட்டியில் இடுங்கள்.