கம்பி அசையுமா, அசையாதா?

நவராத்திரி நெருங்கினால் நம்மவர் வீடுகளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா, ஒரு தெப்பக்குளம், அதைச் சுற்றி ஓடும் பொம்மை ரயில் என்று பிள்ளைகள் ஏதாவது செய்யத் தொடங்குவார்கள். முன்பெல்லாம் சீரியல் விளக்கோடு நின்றது. இப்போது எல்.ஈ.டி., சின்ன மோட்டார், அர்டுயினோ பலகை வரை வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் கொலுவின் மூன்றாம் நாள் விளக்கு எரியாது. பிள்ளை ப்ரோகிராமை மாற்றும், பாட்டரியை மாற்றும், கடைசியில் "எனக்கு இதெல்லாம் வராது" என்று எடுத்து மூலையில் வைத்துவிடும். பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல், குறை பிள்ளையின் மூளையில் இல்லை, கம்பியில்தான் இருந்தது. மேலுறைக்குள் செம்பு முறிந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

கம்பியில் இரண்டு வகை. உறைக்குள் ஒரே செம்புக் கம்பி இருந்தால் அது ஒற்றைக் கம்பி. கடைக்காரர் சிங்கிள் ஸ்ட்ராண்ட் என்பார். மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது பல இழைக் கம்பி. கடையில் ஃப்ளெக்ஸிபிள் என்று கேட்டால் இதுதான் கிடைக்கும். பல இழை அதிக மின்சாரம் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செம்பின் மொத்தக் குறுக்குப் பரப்பு ஒன்றாக இருந்தால் நம் வீட்டுச் சோதனைகளில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு வளைவதில் இருக்கிறது.

தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு ஈர்க்குச்சியை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். அதே கனத்தில் ஒரு மரக்குச்சியை வளைத்தால் படக்கென்று ஒடியும். கணக்காகச் சொன்னால், 0.6 மி.மீ. ஒற்றைக் கம்பியை ஒரு பென்சிலைச் சுற்றி வளைக்கும்போது அதன் வெளிப்புறம் சுமார் 8 சதவீதம் நீளவேண்டியிருக்கிறது. 0.2 மி.மீ. இழைக்கு அது 3 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு தடவை வளைத்தால் செம்பு பொறுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி, வெடித்து, முறியும். பல இழையில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுப்பதால் பிழைத்துக்கொள்கிறது. இந்த வழுக்குதலை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நான் வேலை பார்த்த ரயில்வேயில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் உண்டு. ஹௌரா நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது தலைக்கு மேலே பாருங்கள். மேலே வில்லாகத் தொங்குவது கேட்டனரி கம்பி; வழக்கமாக 2.10 மி.மீ. இழைகள் 19 சேர்த்து முறுக்கியது, சுமார் 65 சதுர மி.மீ. அதிலிருந்து தொங்கும் கீழ்க்கம்பியோ 107 சதுர மி.மீ. ஒற்றைச் செம்பு. பாண்டோகிராஃப் அதன் அடியில் உரசிக்கொண்டே ஓடவேண்டும். இழை இழையாக இருந்தால் கதி என்ன! ஆனால் பாண்டோகிராஃப் மடிந்து விரியும் மூட்டுகளில் மெல்லிய செம்பு இழைகளைப் பின்னிய பட்டைதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. அசையாமல் மண்ணுக்குள் கிடக்கும் சிக்னல் கேபிளில் மறுபடி ஒற்றைக் கம்பி. எது உயர்ந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போட்ட இடத்தில் கிடக்குமா, ஆடுமா என்பதே கேள்வி.

பிள்ளைகள் முதலில் பழகும் பிரெட்போர்டுக்கு ஒற்றைக் கம்பிதான். 0.5 முதல் 0.65 மி.மீ. வரை கனமுள்ளது துளையில் நேராக இறங்கி இறுக்கமாக நிற்கும். பல இழையைச் செருகினால் இழைகள் விரியும். துளைக்குத் துளை 2.54 மி.மீ. தான் இடைவெளி, ஒரே ஒரு இழை பக்கத்துத் துளையைத் தொட்டால் போதும், ஐ.சி. போய்விடும். தொலைபேசிக் கேபிளில் இருந்த அரை மில்லிமீட்டர் கம்பி இதற்கு அருமையானது. நம் மாநிலத்திலேயே ரூப்நாராயண்பூரில் 1952இல் தொடங்கிய இந்துஸ்தான் கேபிள்ஸ் தொலைபேசிக் கேபிள் செய்துவந்தது. 2016இல் அதை மூடுவதென மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. இப்போது அந்த இடத்துக்கு லேன் கேபிளின் மிச்சத் துண்டு வந்திருக்கிறது. உள்ளே எட்டுக் கம்பிகள், எட்டு நிறங்கள். ஆனால் மலிவுச் சரக்கில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது சீக்கிரம் ஒடியும், வேண்டாம்.

மோட்டாருக்கும், கையில் பிடிக்கும் சுவிட்சுக்கும், பாட்டரிப் பெட்டிக்கும் போவது பல இழையாகவே இருக்கட்டும். சாந்தினி மார்க்கெட்டில் 7/36, 14/38 என்று கேட்கவேண்டும். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது கனத்தின் கேஜ். கேஜ் எண் கூடினால் இழை மெலியும். 36 என்பது சுமார் 0.19 மி.மீ. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: வங்காளியில் கம்பிக்குத் 'தார்' என்று பெயர். கடைக்காரர் தார் வேண்டுமா என்றால் சாலைக்கு ஊற்றுவதை எண்ணி விழிக்கவேண்டாம்!

இனிதான் முக்கியமான இடம். பல இழையைப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது, ஈயம் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடும். ஏறிய தூரம் வரை இழைகள் வழுக்க முடியாது. அது மறுபடி ஒற்றைக் கம்பியாகிவிட்டது. ஆட்டம் முழுவதும் ஈயம் முடியும் அந்த ஓரத்தில் விழுந்து, அங்கேதான் முறியும். "நல்ல கம்பிதானே போட்டோம்" என்று திகைப்பவர்களுக்கு விடை இதுவே. ஈயத்தைக் குறைவாக வையுங்கள். மூட்டின்மேல் சூட்டில் சுருங்கும் குழாய் ஒன்று போட்டு, ஒரு அங்குலம் தள்ளிக் கம்பியைப் பலகையோடு நூலால் கட்டிவிடுங்கள். ஆட்டம் கட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

திருகாணி வைத்து இறுக்கும் டெர்மினலில் ஈயம் பூசிய முனையை வைக்கக்கூடாது. ஈயம் மெதுவானது, அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, திருகு தளர்ந்து, அந்த இடம் சூடாகும். 5 வோல்ட்டில் விளக்கு மினுக்குவதோடு போகும். 230 வோல்ட்டில் தீப்பிடிக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகள் போகவே வேண்டாம். இழைகளை ஒன்று தவறாமல் சேர்த்துச் செருகி நசுக்கும் சின்ன லக் கிடைக்கிறது, அதுவே முறை.

நம் ஊர் மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆடி, ஆவணி ஈரத்தில் வெறும் செம்பு கறுத்துப் பச்சை பிடிக்கும், இழைகளுக்குள் ஈரம் ஊர்ந்தும் போகும். அடுத்த கொலுவுக்கும் எடுத்துவைக்கப் போகிறீர்கள் என்றால் வெள்ளீயம் பூசிய இழை உள்ள கம்பியாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் மல்டிமீட்டரை ஓசை எழுப்பும் நிலையில் வைத்து, ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் தொட்டுக்கொள்ளுங்கள். வேறொருவர் அந்தக் கம்பியை நாலு பக்கமும் ஆட்டட்டும். பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். ஓசை விட்டு விட்டு வந்தால் அந்தக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். ப்ரோகிராமைத் தொடுவது அதற்கு அப்புறம்.