‘மெதுவாப் போங்க’ என்ற குரலை வெட்டிவிடலாமா?

கேள்வி: சென்ற வாரம் பொள்ளாச்சி – கோவை சாலையில் காரில் வந்துகொண்டிருந்தேன். ராங் சைடில் வந்த பைக் மோதியது. ஓட்டி வந்த இளைஞருக்குக் கால் எலும்பு முறிவு. நானே ஆம்புலன்ஸை அழைத்தேன், ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னேன். ஆனாலும் எஃப்.ஐ.ஆர். என் மேல்தான். டேஷ்கேமில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால், 60 கி.மீ. போர்டு உள்ள இடத்தில் நான் 74-ல் வந்ததும் அதில் தெரிகிறது. மோதுவதற்குச் சற்று முன் என் மனைவி ‘மெதுவாப் போங்க’ என்று சொல்வதும் கேட்கிறது. இந்த வீடியோ கோர்ட்டில் செல்லுமா? வேகத்தையும் குரலையும் நீக்கிவிட்டுக் கொடுக்கலாமா? ஃபேஸ்புக்கில் போடும்படி உறவினர்கள் சொல்கிறார்கள், போடலாமா?

– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதல் வேலையாக கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதுவது டேஷ்கேமின் வழக்கம். வழக்கைக் காப்பாற்றக்கூடிய காட்சி, தினமும் ஆபீஸ் போய்வந்ததிலேயே அழிந்துபோகலாம்.

வீடியோ செல்லுமா? செல்லும். பொதுச்சாலையில் உங்கள் காருக்கு முன்னால் நடப்பதைப் பதிவு செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால், கோர்ட்டில் அதை முறையாக நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே சான்றிதழும் வேண்டும். அதன் முதல் பகுதியில் நீங்களும் இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பும் அதில் இருக்கும். கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் இந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி வேறாகிவிடுவதால், அந்த நகலை நம்பாதீர்கள்.

இதற்கு முன்பிருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றிய அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் (2020), மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டேறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். என் ஆலோசனை, மூலக் கார்டு, சான்றிதழ் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். கேமராவின் தேதி, நேரம் சரியாக இருந்ததா என்றும் இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இனி, நீங்கள் உண்மையில் கவலைப்படும் விஷயம். வெட்டாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை, அவருக்கே எதிரான சான்றைக் கொண்டுவரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3) பிரிவு தரும் பாதுகாப்பு அது. ஆனாலும், போலீஸ் சோதனையிட்டுக் கைப்பற்ற முடியும். அப்படிக் கைப்பற்றாதவரை, வீடியோவை நீங்களாக முன்வந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும். சான்றை அழிப்பது, மறைப்பது பற்றி பாரதிய நியாய சன்ஹிதாவில் 238, 241 பிரிவுகள் இருக்கின்றன. விபத்து வழக்கோடு இன்னொரு வழக்கும் சேரும். தடயவியல் ஆய்வில் வெட்டு தெரிந்துவிட்டால், ராங் சைடில் வந்த பைக் தெரியும் மீதிக் காட்சியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த 74-ஐப் பார்த்து இவ்வளவு பயப்படவும் வேண்டாம். ‘வேகமாக வந்தார்’ என்பது மட்டுமே அஜாக்கிரதையை நிரூபித்துவிடாது என்று கர்நாடக அரசு – சதீஷ் வழக்கில் (1998) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்திசையில் ஓட்டுவதையோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. உங்கள் மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகள் போடப்பட்டிருக்கலாம். எலும்பு முறிவு ‘கொடுங்காயம்’ என்பதால் இரண்டாவதற்கு மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. இந்தக் குற்ற வழக்கில் உங்கள் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு.

அடிபட்டவர் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், அங்கே கணக்கு வேறு. யார் பக்கம் எவ்வளவு தவறு என்று பங்கு பிரிப்பார்கள். உங்கள் வேகமும் மனைவியின் எச்சரிக்கையும் அங்கே ஓரளவு உங்களுக்கு எதிராகப் பேசலாம். ஆனால், ‘பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு’ என்று முழுப் பழியும் உங்கள் தலையில் விழாமல் தடுக்கப்போவதும் இதே வீடியோதான். அதனால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தகவல் கொடுங்கள். வீடியோ இருப்பதையும் குறிப்பிடுங்கள்.

ஃபேஸ்புக் வேண்டவே வேண்டாம். அடிபட்டவரின் முகத்தோடும் வண்டி எண்ணோடும் ‘குடிகாரன்’ என்று யாராவது எழுதிப் பகிர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அவதூறு வழக்கு வரலாம். தனிநபர் தன் சொந்தத் தேவைக்குத் தகவல் வைத்திருப்பதற்கு 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. ஊருக்கே காட்டுவதைச் சொந்தத் தேவை என்று வாதிடுவது கடினம்.

இந்த வாரமே வக்கீல் ஒருவருடன் உட்கார்ந்து முழு வீடியோவையும் ஒலியோடு பாருங்கள். கொடுப்பது என்று முடிவானால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே விசாரணை அதிகாரியிடம் மனுவோடு நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால், விநியோகச் சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அவருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகு, குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சான்றைப் பொதுவாகக் கோர்ட் பார்ப்பதில்லை. அப்போது உங்கள் வீடியோ, அரசுத் தரப்புச் சாட்சி விசாரணை முடிந்து உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.