சுன்னாகம் முதல் முற்றவெளி வரை: ஒக்டோபர் 21 பாதையில் நடப்போருக்கு

புடாபெஸ்டின் மெமென்டோ பூங்கா 1993இலும், லித்துவேனியாவின் குரூட்டாஸ் பூங்கா 2001இலும் திறக்கப்பட்டன. கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தபின் அகற்றப்பட்ட லெனின் சிலைகளை அங்கே சுற்றிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலோ கம்யூனிஸ்டுகள் ஆட்சியில் இருந்ததில்லை. இங்கு அவர்கள் நினைவைச் சுமப்பது சிலையல்ல, தெரு. 1966 ஒக்டோபர் 21இல் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினர் சாதிக்கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டனர். பொலிசார் தடியடி நடத்தினர். ஆயினும் ஊர்வலம் யாழ்ப்பாணம் சென்றது. அங்கு முற்றவெளி மைதானத்தில் நடந்த கூட்டத்தில் கட்சித் தலைவர் நா. சண்முகதாசன் பேசினார்.

அதே வழியில் நடக்க விரும்புவோர் ரயிலில் சுன்னாகம் வந்து இறங்கலாம். காங்கேசன்துறை வீதியில் தெற்கு நோக்கி மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில் வழியாகப் பாதை செல்கிறது. தூரம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும். மருதனார்மடத்தில் நிமிர்ந்து நிற்கும் பெரிய சிலை ஆஞ்சநேயருடையது, புரட்சியாளருடையதல்ல!

வெயிலேறுமுன் புறப்படுவது நல்லது. ஒக்டோபரில் மழை தொடங்கும் என்பதால் குடை அவசியம். வீதி நெரிசலானது, சிறுவர்களைக் கூட்டிச் செல்வோர் பாதித் தூரத்தை பஸ்ஸில் கடக்கலாம். புறப்படுமுன் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை வாசித்தால் அக்காலச் சாதி ஒடுக்குமுறை விளங்கும். முற்றவெளியை அடுத்தே கோட்டையும் பொதுசன நூலகமும் உள்ளன. அவற்றின் திறப்பு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.